இரண்டு பாத்திக் கத்தரிக்காய்

சத்யபிரியாமேல் குறை சொன்னால் சாணார்பட்டிப் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். கத்தரி விவசாயி சடையாண்டியின் ஒரே மகள். அரசுப் பள்ளியில் படித்து, எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, வடமதுரையில் ஒரு தனியார் பள்ளியில் தொண்டை வறளக் கத்திப் பாடம் நடத்தி, அந்த வேலையையும் உதறிவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். முப்பது வயதை நெருங்குகிறாள். கல்யாணப் பேச்சோடு வருகிற சொந்தக்காரர்களை, டாக்டர் பட்டம் வாங்கட்டும் என்று சடையாண்டியே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். என்ன டாக்டர், ஊசி போடுவாளா என்று யாராவது கேட்டால் மட்டும் மனிதர் திருதிருவென்று முழிப்பார்.

அவள் செய்த காரியம் கொலையுமில்லை, களவுமில்லை. ஒரு பை கத்தரிக்காயில் வந்த வினை. ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இறங்காததுதான் நியாயம் என்றும் அவளே சொல்வாள்.

ஆராய்ச்சி மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை கைடு முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கமாட்டார்கள். யாரும் கேட்பதில்லை, எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் அது பாட்டுக்கு நடக்கும். சிறுமலைப் பக்கத்துப் பையன் வாழைப்பழம் கொண்டுவருவான், நிலக்கோட்டைக்காரி மல்லிகைப்பூ கொண்டுவருவாள். சத்யபிரியாவுக்கு இருந்தது கத்தரிக்காய். அவளுடைய கைடு பாஸிலா மேடம், பேகம்பூர்க்காரர். கறாரான பெண்மணி, ஆனால் கத்தரிக்காய் என்றால் முகம் மலர்ந்துவிடும்.

சடையாண்டியின் நிலத்தில் கத்தரி இரண்டு இடத்தில் நின்றது. ரோட்டோரம் இருப்பது பெரிய தோட்டம். அதன் காய் மண்டிக்குப் போகும். பம்புசெட்டுக்குப் பின்னால் இருப்பது வீட்டுப் பாத்தி. அதன் காய் வீட்டு உலைக்கு. பெரிய தோட்டத்துக்கு மருந்தடிப்பார்கள், வீட்டுப் பாத்திக்கு அடிக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. அதேசமயம் வெளியாள் முன்னால் யாரும் இதைப் பேசினதும் இல்லை. அதிலிருந்தே விஷயம் விளங்கவில்லையா?

மருந்து படாத காய் பார்க்க லட்சணமாக இருக்காது. கூனலும் குறுகலுமாக, ரெண்டுக்கு ஒன்று சொத்தையாக இருக்கும். அம்மா மாயக்காள் புழு இருக்கிற பக்கத்தை அரிவாள்மனையில் தள்ளிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவாள். சொத்தைக் காயைக் கொண்டுபோய் மேடத்திடம் நீட்ட முடியுமா? மானம் போய்விடாதா? அதனால் சத்யபிரியா திங்கட்கிழமை விடியற்காலையில், மண்டிக்குப் போகக் குவித்திருக்கிற குவியலிலிருந்து பளபளவென்று இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். மரியாதைக்குச் செய்த காரியம். மரியாதைதான் அவளைக் கவிழ்த்தது.

முதல் பையை வாங்கினபோது மேடம் ஒரு கேள்வி கேட்டார். மருந்தடித்த காயா என்று. சத்யபிரியாவின் நாக்கில் சனி உட்கார்ந்தது அப்போதுதான்.

"இல்ல மேடம், நாங்க வீட்டுல சாப்பிடுறது."

அந்தப் பொய் சரளமாக வந்துவிட்டது. மேடம் வயதான தன் அம்மாவுக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார். வாராவாரம் பை போயிற்று. ஊரே தின்கிற காய்தானே, கழுவித்தானே ஆக்குவார்கள் என்று சத்யபிரியா தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். நாளாக நாளாக அதுவும் தேவைப்படவில்லை. மறந்தே போனாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ஆராய்ச்சியே காய்கறியில் இருக்கிற பூச்சிமருந்தைக் கண்டுபிடிப்பதுதான். சிரிக்கவேண்டாம்.

அவளுடைய கருவி பார்க்க ஒன்றுமேயில்லை. பென்சில் மாதிரி ஒரு குச்சி, நுனியில் மிளகளவு கறுப்பு வட்டம். கார்பன். அதுதான் எலக்ட்ரோடு. வெறும் கார்பனுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அதன் முகத்தில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்கிற மூலக்கூறைப் பூசவேண்டும். மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பண்டம் அது. சர்க்கரைத் துண்டுகள் வட்டமாகக் கைகோத்து நிற்கும், நடுவில் ஒரு பொந்து. அடியில்லாத குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொந்துக்கு அளவான மூலக்கூறு தண்ணீரிலிருந்து வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அளவு சேராதது வெளியே அலையும். கத்தரிக்கு அடிக்கிற ஒரு பூச்சிமருந்து அதற்குள் கச்சிதமாக உட்காரும் என்பது சத்யபிரியா கண்ட சங்கதி. மருந்தின் பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம். எலக்ட்ரோடில் மின்னழுத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், திரையில் ஓடுகிற கோடு ஒரு குறிப்பிட்ட இடத்தில் மேடு தட்டும். அந்த இடத்தில் மேடு என்றால் அந்த மருந்து இருக்கிறது. மருந்து கூடினால் மேடும் கூடும். இல்லையென்றால் கோடு சமதரையாக ஓடும்.

இதைச் சொல்கிற அளவுக்குச் செய்வது லேசில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சை அழித்தாகவேண்டும். துணியில் அலுமினாப் பொடியைக் குழைத்துவைத்து, எலக்ட்ரோடைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு எட்டாகத் தேய்க்கவேண்டும். லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் மொத்தமாகப் போட்ட எட்டைவிட அவள் போட்ட எட்டு அதிகம். பிறகு ஒரு சொட்டு பூச்சு, விளக்கு வெளிச்சத்தில் உலர்த்தல், அதற்குள் கரண்டு போய்விட்டால் தலைவிதியே என்று மறுபடி எட்டு.

அந்த வேலையில் அவளுக்குத் துணை ஜெஸ்ஸி. முத்தழகுபட்டிக்காரி. அவளும் எம்.எஸ்ஸி.தான். மேடத்தின் புராஜெக்டில் உதவியாளர். கரைசல் கலக்குவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, மருந்துக் கரைசலைப் பிப்பெட்டுக் குழாயில் அளந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் வெளியூர் லாரி ஓட்டுகிறான். வீட்டில் மாமியாரும், நடை பழகுகிற ஒரு பெண் குழந்தையும். அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கப்படுகிற வேலை. மேடம் எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு பெண்களும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற சிநேகம். ஜெஸ்ஸி வாய் ஓயாமல் குழந்தையைப் பற்றியே பேசுவாள், சத்யபிரியா எட்டுப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

கட்டுரை எழுதுகிற கட்டம் வந்தது. கடைசியாக, நிஜக் காய் ஒன்றில் கருவியைச் சோதித்துக் காட்டவேண்டும். அதற்கு முதலில் மருந்தே இல்லாத காய் வேண்டும். அதன் சாற்றில் கோடு சமதரையாக ஓடவேண்டும். பிறகு தெரிந்த அளவு மருந்தை அதில் கலந்து, கருவி அதே அளவைச் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும். மருந்தில்லாத அந்த முதல் சாற்றைப் பிளாங்க் என்பார்கள். மருந்தில்லாத காய்க்கு எங்கே போவது என்று யோசிக்கிற சிரமத்தை மேடம் யாருக்கும் வைக்கவில்லை. நீ எனக்குக் கொண்டுவருகிறாயே, அதையே எடு என்றார்.

சத்யபிரியா அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்தடித்து நாளாகியிருக்கும், காட்டாது என்று ஒரு குருட்டு நம்பிக்கை. பளபளத்த காயை நறுக்கி, அரைத்து, வடிகட்டி வைத்தாள். கோடு ஓடியது. சரியாக அந்த இடத்தில் மேடு தட்டியது.

முந்தின வாரம் அப்பா தோளில் மிஷினை மாட்டிக்கொண்டு மருந்தடித்ததை அவள் கண்ணால் பார்த்தவள். தான் உண்டாக்கின கருவி தன் வீட்டையே காட்டிக்கொடுக்கிறது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் மேடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. மாணவியின் வார்த்தையை நம்பினார், கருவியைச் சந்தேகப்பட்டார். பழைய பூச்சு சரியாகப் போகவில்லை, நன்றாகத் தேய் என்றார். தேய்த்தாள். மேடு. பூச்சைப் புதிதாகக் கலக்கினாள். மேடு. தண்ணீரை மாற்றினாள். மேடு. தெரிந்துகொண்டே எட்டுப் போட்டாள், பாவி. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் பஸ் ஏறுவாள், மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிடுவாள்.

கடைசியில் மேடத்தின் சந்தேகம் கருவியை விட்டுக் கைக்கு வந்தது. பாத்திரத்தில் ஒட்டியிருக்கிற மருந்து, பிப்பெட்டில் தங்கின மருந்து. மருந்துப் பாட்டிலைத் தொடுகிற கை யாருடையது? ஜெஸ்ஸி அன்றைக்கே எல்லாப் பாத்திரத்தையும் இறக்கிப்போட்டுக் கழுவினாள். மறுநாளும் மேடுதான்.

சத்யபிரியாவுக்கு ஒரு வழி தோன்றியது. காயை மாற்றிவிட்டால்? பேசாமல் வீட்டுப் பாத்திக் காயைக் கொண்டுபோனால் கோடு சமதரையாகிவிடும், ஜெஸ்ஸிமேல் இருக்கிற சந்தேகமும் போய்விடும், யாருக்கும் எதையும் சொல்லவேண்டியதில்லை. வீட்டிலேயே சொத்தையைச் செதுக்கித் தள்ளிவிட்டு நல்ல துண்டுகளை மட்டும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பார்த்து ஜெஸ்ஸி வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். பாத்திரங்களைச் சத்யபிரியாவே கழுவினாள், கரைசலை அவளே எடுத்தாள். கோடு ஓடியது. சமதரை. பக்கத்தில் நின்ற மேடம் நிமிர்ந்தார்.

"ஜெஸ்ஸி வராத அன்னைக்குச் சரியா வருது, பாத்தியா?"

சத்யபிரியாவுக்கு அந்தக் கணக்கு உதித்திருக்கவேயில்லை. இல்லை மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது ஒரே எழுத்து.

"ம்."

அந்த "ம்"-தான் இந்தக் கதை. மற்றதெல்லாம் தெரியாமல், யோசிக்காமல், வெட்கத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மறுநாள் மேடம் ஜெஸ்ஸியை அறைக்குக் கூப்பிட்டு, சுத்தம் போதாது, இனிமேல் நீட்டிப்புக்கு எழுதுவதாக இல்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று தன்மையாகவே சொன்னார். உன் கையில் மருந்து படிந்திருக்கிறது, கவனமாக இரு என்றும் சொன்னார். ஜெஸ்ஸி வெளியே வந்து நேராகச் சத்யபிரியாவிடம்தான் வந்தாள். அழுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"என்னால உனக்கு இம்புட்டு நாள் வீணாப் போச்சு சத்யா. மன்னிச்சுக்கடீ" என்றாள் ஜெஸ்ஸி.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது சத்யபிரியாவுக்கு. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று முனகினாள். பெரிய மனது போல! ஜெஸ்ஸி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சடையாண்டி சாப்பிட உட்கார்ந்திருந்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கத்தரிக்காய்தான். மகள் தட்டைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். அவள் பாதி சொன்னாள். மேடத்துக்குக் கொடுத்த காயில் மருந்து தெரிகிறது என்கிற மட்டும். அப்பா சாதாரணமாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தாள். பூச்சி விழுந்த காயை மண்டியில் எவன் எடுப்பான் என்று அவர் எப்போதும் சொல்வதைத்தான் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு தானும் கொஞ்சம் ஆறிக்கொள்ளலாம் என்றிருந்தாள். சடையாண்டி கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவுகளுக்குக் குவியல்ல இருந்தா எடுத்துட்டுப் போன?"

அவள் தலையாட்டினாள்.

"விக்கிறது வேற, குடுக்குறது வேற தாயி. திங்கக் குடுக்குறதை நீ வீட்டுப் பாத்தியிலதான் பறிக்கிறேன்னு நெனச்சேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. படித்த பெண்ணுக்கு இதைக்கூடச் சொல்லித்தரவேண்டுமா என்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். அப்படியானால் வாங்கித் தின்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டாள். அதைச் சடையாண்டியும் அறியாதவரில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் முகம் அப்படிச் சுண்டிப்போய் அவள் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் சேர்த்துத் தலைகுனிவைத் தேடிக்கொடுத்துவிட்டோம் என்று சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை இரண்டு காயையும் கொண்டுபோனாள். மேடத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பார்க்கவே எலக்ட்ரோடைத் தேய்த்து, பூச்சுப் போட்டு, முதலில் பளபளத்த காயை ஓட்டினாள். மேடு. மறுபடி தேய்த்து, புதுப் பூச்சுப் போட்டு, அதே பீக்கரைக் கழுவிச் சொத்தைக் காயை ஓட்டினாள். சமதரை. மேடம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எலக்ட்ரோடிலும் கோளாறில்லை, ஜெஸ்ஸி கையிலும் கோளாறில்லை, முதல் நாளிலிருந்து தனக்குத் தெரியும் என்று சத்யபிரியா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எதையும் விடவில்லை, அந்த "ம்" உட்பட.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்டுல எதைச் சாப்பிடுவீங்க?"

சத்யபிரியா விரலைச் சொத்தைக் காய்ப் பக்கம் நீட்டினாள்.

"எங்கம்மாவுக்கு நான் வேற காய் வாங்குறதையே விட்டுட்டேன் சத்யா" என்றார் மேடம்.

அதில் கோபமிருந்தால் தாங்கியிருப்பாள். கோபமில்லை. வெறுமனே ஒரு தகவல் மாதிரிச் சொன்னார். சத்யபிரியா கூனிக்குறுகி நின்றாள். பட்டம் போனாலும் போகட்டும், இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். விசாரிக்காமல் அந்தப் பெண்ணை அனுப்பினது தன் தப்பும்தான், நீட்டிப்புக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நானும் அவளைப் பார்த்துப் பேசவேண்டும், ஆனால் முதலில் நீ போய்ச் சொல் என்றார். போனில் சொல்லாதே, நேரில் போ என்று அழுத்திச் சொன்னார்.

முத்தழகுபட்டியில் ஜெஸ்ஸியின் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. மத்தியான நேரம். குழந்தை தரையில் உட்கார்ந்திருக்க, மாமியார் கரண்டியால் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸி தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்தபடி குழந்தைக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கரண்டியைத் தட்டிவிட்டு அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியது. அவள் கிட்டே வரவில்லை.

சத்யபிரியா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காய், மேடு, சமதரை, தான் வாய் மூடியிருந்தது எல்லாம். வேலை போகவில்லை, மேடம் எழுதுகிறார், நாளைக்கே வந்துவிடு என்றும் சொன்னாள். மாமியார் ஊட்டுவதை நிறுத்திவிட்டார். ஜெஸ்ஸி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். சோப்புப் போட்டுப் போட்டு விரலெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?"

"இல்ல ஜெஸ்ஸி."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"மேடம் சொன்ன அன்னையிலேருந்து பிள்ளைய நான் தொட்டு ஊட்டல. அன்னைக்கு வந்த காய்ச்சலும் இதனாலதானோன்னு பயந்துட்டேன்." ஜெஸ்ஸி தன் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இனிமே ஊட்டலாமா சத்யா?"

"ஊட்டலாம்" என்றாள் சத்யபிரியா.

ஜெஸ்ஸி அப்போதும் பின்பக்கம் போய் ஒரு தடவை கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். மாமியாரிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, சோற்றைப் பிசைந்து சிறிதாக உருட்டினாள். குழந்தை சட்டென்று வாயைத் திறந்தது. சத்யபிரியா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.